பரியாசக்காரர்: ஒரு சொல்லும் ஒரு பெஞ்சும்



சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று மன்றத் தோழர்களிடம் சொன்னபோது, எந்தச் சொல் என்று கேட்டார்கள். பிறரைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் குறிக்கும் சொல் என்றேன். அவர்களும் சிரித்தார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

தொப்பூரை உங்களில் பலர் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். சேலத்திலிருந்து தருமபுரி போகிற சாலை அங்கேதான் கணவாயில் ஏறுகிறது. இன்று அதற்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அது 7ஆம் எண். மலையேறுவதற்கு முன் லாரிகள் நின்று போகும். லாரி நிற்கிற இடத்தில் டீக்கடை இருக்கும். டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு இருக்கும். என் பெரியப்பா லாரியில் கிளீனராகப் போனவர். 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு எச்.எம்.டி. வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். டீ குடிக்கப் போனார். எங்கள் தெருக்காரர்களுக்கு அந்தப் பெஞ்சில் இடம் கிடையாது. டம்ளரும் தனி. கடைக்கு வெளியே நின்று வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வர வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "மணி என்னடா?"

கேட்டவர் பெரியப்பாவைவிட வயதில் இளையவர். பெரியப்பா மணியைச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்துப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "மணி என்னடா?" அதற்கும் சொன்னார். அப்புறம் மூன்றாமவர். அப்புறம் மறுபடியும் முதலாமவர். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஐந்தாறு முறை. பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. பெரியப்பா வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஊர் எல்லைக்குள் அவர் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. லாரி ஏறிய பிறகுதான் கட்டுவார்.

இந்த நிகழ்ச்சியில் சாதிப் பெயர் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. மிரட்டலும் இல்லை. ஒருவரிடம் மணி கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் என்ன நடந்தது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சமூகவியல் படித்த காலத்திலிருந்து இந்த 'மணி என்னடா' எனக்குள் ஒரு கேள்வியாக இருக்கிறது. இதைச் செய்கிறவருக்குத் தமிழில் என்ன பெயர்?

காரர் என்னும் விகுதி

ஏளனம், எள்ளல், இகழ்ச்சி, நையாண்டி, நக்கல், கிண்டல், கேலி, எகத்தாளம், இளக்காரம், பரிகாசம். செயலுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கிறோம். செய்பவருக்குப் பெயர் தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. செயலிலிருந்து ஆளைக் குறிக்கப் பிறந்த சொற்களில் நம் மக்கள் நிறையப் பேர் வாரந்தோறும் கேட்கிற ஒன்று உண்டு. அது 'பரியாசக்காரர்'. கிறிஸ்தவ வேதாகமத்தின் முதலாம் சங்கீதம் தொடங்குகிற இடத்திலேயே வருகிறது. 1871இல் போவர் தலைமையில் திருத்தி முடிக்கப்பட்ட மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழ்நாட்டின் சேரிகளுக்குள் வந்து சேர்ந்த சொல். பாக்கியம் பெற்ற மனிதன் விலகியிருக்க வேண்டிய மூன்று வகையாரில் மூன்றாம் வகையார் இவர்கள்.

பரிகாசம் வடசொல். பேச்சில் 'பரியாசம்' ஆனது. அதோடு 'காரர்' சேர்ந்தது. இந்த விகுதி எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று பாருங்கள்: பால்காரர், கடைக்காரர், வீட்டுக்காரர், மதுரைக்காரர். தொழில், உடைமை, ஊர். எப்போதோ ஒருமுறை பால் ஊற்றியவரைப் பால்காரர் என்று சொல்வதில்லை. பரியாசக்காரர் என்றால் சிரிப்பதை வேலையாகவே வைத்திருப்பவர், அதை உடைமையாக அனுபவிப்பவர்.

அந்த வசனத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொன்று. முதல் இரண்டு வகையாருக்கு ஆலோசனையும் வழியும் சொல்லப்படுகின்றன. பரியாசக்காரருக்கு மட்டும் ஓர் இருக்கை சொல்லப்படுகிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'மோஷாவ்' என்ற சொல். அதற்கு இருக்கை என்றும் பொருள், குடியிருப்பு என்றும் பொருள். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் பரியாசக்காரர் 'இகழ்வார்' ஆனார்கள், இருக்கை 'குழு' ஆனது. தமிழ் நல்ல தமிழாயிற்று. ஆனால் பெஞ்சு காணாமல் போய்விட்டது. எனக்குப் பழைய மொழிபெயர்ப்பே உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பெரியப்பாவிடம் மணி கேட்டவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். பெரியப்பா நின்றுகொண்டு பதில் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பொருள் தந்தது இந்த ஏற்பாடுதான்.

எள்ளலும் இளிவரலும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலாவதாக வைக்கிறது. நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது எள்ளல். பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளி ஒருவன் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது அவன் சிரிப்பது மற்றொன்று. இரண்டாவதை நாம் நன்றாக அறிவோம். பெஞ்சு சிரிக்கும்போது நின்றுகொண்டிருப்பவனும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால் 'என்ன, கோபம் வருதோ?' என்று அடுத்த கேள்வி வரும்.

அதே இயலில் நகைக்கு இரண்டு படி தள்ளி இளிவரல் இருக்கிறது. தன்னை இழிவாக உணரும் நிலை அது. முதுமை, நோய், வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்பது இலக்கணம். மென்மைக்கு வறுமை என்று பொருள் சொல்வார்கள். ஒருவரின் நகையே இன்னொருவரின் இளிவரலாக மாறுவதையும், அந்த மாற்றம் எந்தத் திசையில் நடக்கும் என்பதைப் பிறப்பே முடிவு செய்வதையும் அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அது இலக்கணத்தின் வேலையாக இல்லாமல் இருக்கலாம். நம் வேலை அது.

திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே 'இகழ்வார்' என்ற சொல் வருகிறது. தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்குகிற நிலத்தை அது எடுத்துக்காட்டாக வைக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளை மனப்பாடம் செய்யாதவர் இல்லை. அறமாக அது பெரிது. ஆனால் ஓர் ஊரில் அந்த அறத்தை யார் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது என்று கேட்டால், வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. வலியவன் பொறுத்தால் அது பொறை. பொறுப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதவன் பொறுத்தால் அதற்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெயரே ஏளனமானபோது

'மணி என்னடா' என்பது ஒரு நாள் ஏளனம். ஒரு சமூகத்தின் பெயரையே ஏளனமாக்கிவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அது நடக்கும். பறையர் என்ற பெயருக்கு அதுதான் நேர்ந்தது. ஊரைத் தாண்டி, கடலையும் தாண்டிப் போன பெயர் அது. ஐரோப்பிய மொழிகளில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன். மாக்ஸ் வெபர் யூதர்களைப் பற்றி எழுதும்போது 'பரையா மக்கள்' என்ற கருத்தாக்கத்தைப் பயன்படுத்தினார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பறையடிக்கிற மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அதைப் படிக்கும் ஐரோப்பிய மாணவர் பலருக்குத் தெரியாது.

இந்தப் பெயரை என்ன செய்வது என்பதில் நம் முன்னோடிகளிடையே நடந்த விவாதத்தை நாம் போதுமான அளவு படிக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். தன் பெயரைச் சொல்லக் கூசுகிறவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம். ஏளனச் சொல்லைப் பிடுங்கித் தன் முகப்பில் எழுதிக்கொண்டார். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கிய அவர், அந்தப் பெயரே பகைவர் இட்டது என்று வாதிட்டார். பறைதல் என்றால் சொல்லுதல். போலிகளின் பொய்யை ஊரறியப் பறைந்தவர்களை, அந்தப் போலிகள் இகழ்ச்சியாகப் பறையர் என்றார்கள் என்பது அவர் விளக்கம். பூர்வத் தமிழர் என்று பதியுங்கள் என்றார். போலிகளுக்கு 'வேஷ பிராமணர்' என்று பெயரும் வைத்தார்.

அவருடைய சொற்பிறப்பை மொழியியலார் ஏற்காமல் போகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் செய்த வேலை. பெயர் வைக்கும் அதிகாரம் அதுவரை பெஞ்சில் இருந்தது. பண்டிதர் நின்ற இடத்திலிருந்தே பெஞ்சுக்கு ஒரு பெயர் வைத்தார். ஒரு பைசா விலையில் அதை வாரந்தோறும் அச்சடித்து விற்றார்.

மூன்றாவது வழி எம்.சி. ராஜாவுடையது. 1922 ஜனவரியில் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கித் தமிழ் பேசுவோரை ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு பேசுவோரை ஆதிஆந்திரர் என்றும் குறிக்க அந்த ஆண்டு மார்ச்சில் அரசாணை வந்தது. பெயரைத் தாங்கிக்கொள்வது, பெயரை மறுத்து வரலாறு எழுதுவது, பெயரை ஆணையால் மாற்றுவது என்று மூன்று வழிகள். மூன்றும் நமக்குத் தேவைப்பட்டன. மூன்றில் எதுவும் பெஞ்சை அசைக்கவில்லை.

கட்டியக்காரன் நிற்கிறான்

ஏளனம் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும் என்று சொன்னால் நம் மக்களின் வாய்க்கு அநியாயம் செய்தவனாவேன். எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். அவன் பெயரிலும் அதே 'காரன்' இருக்கிறது. ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவதும் அவன்தான், வந்த ராஜாவைக் கிண்டல் செய்வதும் அவன்தான். ராஜா உட்கார மேடையில் ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். ராஜா தர்பாரில் உட்காருவார். கட்டியக்காரன் கடைசிவரை நிற்பான். நின்றுகொண்டே ராஜாவின் மீசையையும் கிரீடத்தையும் வீராப்பையும் விடியவிடியக் கேலி செய்வான்.

ராஜா மறுநாள் காலையில் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவரின் பரியாசத்துக்கும் நிற்பவரின் பரியாசத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஒன்று எதிரில் இருப்பவரின் கையில் இருப்பதைப் பறிக்கிறது. மற்றது, பறிக்க முடியாதவரைப் பார்த்து ஒரு ராத்திரி மூச்சுவிட்டுக்கொள்கிறது. 'எல்லாரும்தான் எல்லாரையும் கிண்டல் பண்றோம், இதுல என்ன சாதி?' என்று கேட்கிற நண்பர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

நமக்குள்ளும் சொல்ல வேண்டியது உண்டு. மேலே ஏற ஏற மரியாதையும் கீழே இறங்க இறங்க இகழ்ச்சியும் கூடிக்கொண்டே போகும் அடுக்கு என்று அம்பேத்கர் சாதியை விளக்கினார். அடுக்கு என்றால் ஒவ்வொரு படியிலும் உட்கார ஓர் இடம் இருக்கும். டீக்கடையில் நின்ற நாம், நம் தெரு முனைக் கல்லில் உட்கார்ந்துகொண்டு அருந்ததியர் வீட்டுப் பையனின் புதுச் சட்டையைப் பார்த்துச் சிரித்ததில்லையா? வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்ததில்லையா? அந்தக் கல்லும் பரியாசக்காரர் இருக்கைதான். இதை இந்த மேடையில் சொல்லாவிட்டால் நான் பேசியதில் பாதி பொய்யாகிவிடும்.

வாட்சிலிருந்து கூலிங் கிளாஸ் வரை

2012 நவம்பர் 7 அன்று இதே தருமபுரி மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. நம் பையன் ஒருவனும் வேறு சாதிப் பெண் ஒருவரும் செய்துகொண்ட காதல் திருமணம் காரணமாகக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தான். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்து வாங்கிய பீரோ, டிவி, பைக் எல்லாம் சாம்பலாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில்தான் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் போட்டு, டி-சர்ட் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல்லாட்சி ஊரெங்கும் பரவியது. அந்தப் பேச்சைச் செய்தியில் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் வாட்ச் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளில் பொருள் மாறியிருக்கிறது, இருக்கை மாறவில்லை. டீக்கடைப் பெஞ்சு அரசியல் மேடையாகியிருக்கிறது. எந்தப் பொருளைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, அதே போன்ற பொருள்கள்தாம் நெருப்பிலும் போகின்றன. ஆகவே ஏளனத்தைச் சின்ன விஷயம் என்று தள்ள என்னால் முடியவில்லை. யாரிடம் எது இருக்கக் கூடாது என்று ஊர் எழுதி வைக்கிற பட்டியல் அது.

சட்டம் இதை எவ்வளவு பார்க்கிறது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றமாக்கியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. 2011இல் தமிழ்நாட்டு வழக்கான ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதிப் பெயரோடு 'பயல்' என்று ஒட்டிச் சொல்வதும் உணவைச் சொல்லி இழிவுபடுத்துவதும் குற்றமே என்றது. இரட்டை டம்ளர் முறையையும் அதே தீர்ப்பில் கண்டித்தது. இவை சண்டை போட்டுப் பெற்ற வெற்றிகள்.

ஆனால் பரியாசக்காரர் சட்டத்தையும் படிக்கிறார். சாதிப் பெயரைச் சொன்னால் வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அவர் அதைச் சொல்வதில்லை. 'மணி என்ன?' என்கிறார். 'கலெக்டர் சார் வராரு' என்கிறார். 'கோட்டா' என்கிறார். 2020இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் நடந்ததா, சாதியின் காரணமாகவே நடந்ததா என்ற இரண்டையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றது. 'கலெக்டர் சார்' என்ற சொல்லில் சாதி எங்கே இருக்கிறது என்று வழக்கறிஞர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே மரியாதைதான் எழுதியிருக்கிறது.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் இழிவின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். நூறு ஆண்டுகளுக்கு முன் ராஜா கேட்டதன் தொடர்ச்சி அது. ஆனால் நத்தம் காலனி எரிந்ததற்குக் காரணம் பெயர்ப் பலகையில் இருந்த சொல் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். 'மோஷாவ்' என்ற சொல் சொல்வதுபோல இருக்கையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஊர் எங்கே உட்காருகிறது, சேரி எங்கே நிற்கிறது என்பது மாறாமல் பலகை மட்டும் மாறினால், புதிய பெயரையும் சீக்கிரமே ஒரு மாதிரி இழுத்துச் சொல்லப் பழகிக்கொள்வார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆகவே இந்த மன்றத்தின் முன் ஒரு வேலையை வைக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். நம்மை ஏளனம் செய்யப் பயன்படும் சொற்களை, சாதிப் பெயர் இல்லாத சொற்களை, அதில் எழுதுவோம். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. யார் சொன்னார், எங்கே உட்கார்ந்து சொன்னார், கேட்டவர் எங்கே நின்றார், அவர் கையில் அப்போது புதிதாக என்ன இருந்தது, பக்கத்தில் யார் சிரித்தார்கள், அதற்குப் பிறகு அவர் எதைச் செய்யாமல் விட்டார். இந்த ஆறு கேள்விக்கும் விடை இருந்தால், சொல்லுக்குள் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறவருக்கு நம்மிடம் பதில் இருக்கும். அயோத்திதாசரும் இரட்டைமலையாரும் செய்தது இந்த வேலைதான். அவர்கள் பத்திரிகை அச்சடித்தார்கள். நமக்கு நாற்பது பக்க நோட்டு போதும்.

அதே நோட்டின் பின்பக்கத்தில், நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பதையும் எழுதுவோம்.

என் நோட்டின் முதல் பதிவை வாசித்துவிட்டு முடிக்கிறேன்.

"சொல்: மணி என்னடா. இடம்: தொப்பூர், டீக்கடை வாசல். சொன்னவர்: பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். கேட்டவர்: நின்றுகொண்டிருந்த என் பெரியப்பா. கையில் புதிதாக இருந்தது: எச்.எம்.டி. வாட்ச். சிரித்தவர்கள்: பெஞ்சு முழுவதும். விட்டது: ஊருக்குள் வாட்ச் கட்டுவதை."